சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு: கட்டிய பணத்துக்குப் பயன் உண்டா?

வெண்ணாற்றுப் பாசனம்:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் சொந்தமாக ஒன்பது மாவும் (மூன்று மா ஓர் ஏக்கர்) குத்தகைக்கு ஆறு மாவும் சாகுபடி செய்து வருகிறேன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியது முதல் பத்துச் சம்பாவுக்கும் சொந்த நிலத்துக்குத் தவறாமல் கட்டியிருக்கிறேன். அடுத்த சம்பாவுக்குக் கட்டத்தான் வேண்டுமா என்ற ஐயம் இப்போதுதான் முதன்முறையாக எழுந்திருக்கிறது.

எங்கள் ஒன்பது மாவில் மூன்று மா வடிகாலை ஒட்டிய பள்ளக்கால். 2024 கார்த்திகை மழையில் அந்த மூன்று மாவும் பதினொரு நாள் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தபோது, தூரைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. அடித்தண்டு பழுப்பேறி, இலைகளின் மேல் சேறு ஓடு போலக் காய்ந்திருந்தது. அறுவடையில் மூன்று மாவுக்கும் சேர்த்து ஏழு மூட்டைதான் தேறியது. அதே ஊரில் மேட்டுப்பக்கத்து வயல்களில் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை, அறுபது கிலோ மூட்டையாகவே, குறையாமல் கண்டது. ஊரின் சராசரி மகசூல் நன்றாக இருந்ததால் எங்கள் வருவாய்க் கிராமத்துக்கு இழப்பீடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

என் வரவு செலவு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பத்துச் சம்பாவுக்கு மூன்று ஏக்கருக்குமாக ஏறத்தாழப் பதினைந்தாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறேன். 2016-17 வறட்சியில் ஏக்கருக்குப் பதினெட்டாயிரம் வந்தது. இடையில் ஒருமுறை ஏக்கருக்கு ஆயிரத்துக்கும் குறைவான தொகை வந்தது. மற்ற ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. கூட்டிக் கழித்தால் நான் நட்டப்படவில்லை. ஆனால் என் வயல் மட்டும் அழிந்த ஆண்டில் அந்தக் காப்பீடு எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. "நம் வயலைக் காட்டிப் பணம் கட்டுகிறோம், ஊர் வயலைப் பார்த்து இல்லை என்கிறார்களே" என்று என் மனைவி கேட்டதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்:

பயிர் அறுவடைப் பரிசோதனைகளில், அதாவது சில வயல்களில் ஒரு சிறு பகுதியை அறுத்து ஊரின் மகசூலைக் கணிக்கும் பணியில், நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் துணைவியார் கேட்டதில்தான் இந்தத் திட்டத்தின் மையமே இருக்கிறது. இது பரப்பளவு அடிப்படையிலான காப்பீடு. தாங்கள் கட்டுவது தங்கள் சர்வே எண்ணுக்கு என்றாலும், வெள்ளம், வறட்சி, பூச்சி, நோய் ஆகியவற்றால் ஏற்படும் மகசூல் இழப்பு அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் முழுமைக்கும் ஒன்றாகவே கணக்கிடப்படுகிறது.

கணக்கு எளிமையானதுதான். கடந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கிராமத்தில் கிடைத்த மகசூலில் சிறந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துச் சராசரி காண்பார்கள். அதில் 70, 80, 90 சதவீதம் என்ற மூன்று நிலைகளில் அந்தப் பகுதிக்கும் பயிருக்கும் எது நிர்ணயிக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பெருக்கினால் வருவது உத்தரவாத மகசூல். எடுத்துக்காட்டாக, சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ, நிலை 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4,000 கிலோ ஆகும். இந்த ஆண்டுச் சோதனையில் 3,000 கிலோ வந்தால் பற்றாக்குறை 1,000 கிலோ, அதாவது 4,000இல் நான்கில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகை, அதாவது பயிர் முழுதும் போனால் கிடைக்கும் உச்ச அளவு, ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று கொண்டால் அதில் கால் பங்கான 9,000 ரூபாய் அந்தக் கிராமத்தில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஏக்கர் கணக்கில் வரும். நன்றாக விளைந்தவருக்கும் வரும், அழிந்தவருக்கும் அதே அளவுதான் வரும். சோதனையில் 4,100 கிலோ வந்துவிட்டால், தங்கள் வயலில் ஒரு படி நெல்கூட விளையாவிட்டாலும் ஒன்றும் வராது.

ஒவ்வொரு வயலையும் தனித்தனியே பார்ப்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் மாநிலம் முழுவதும் பல இலட்சம் வயல்களை அறுவடைக் காலத்தில் யார் போய்ப் பார்ப்பது? பார்ப்பவருக்கும் வயல்காரருக்கும் இடையே நடக்கும் பேரத்தை யார் தடுப்பது? உரமிடாமலும் களை எடுக்காமலும் விட்டுவிட்டு இழப்பீடு கேட்பவரை எப்படிப் பிரித்தறிவது? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காததால்தான் 1985ஆம் ஆண்டின் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 1999இல் வந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம், இப்போதைய திட்டம் ஆகிய அனைத்தும் பரப்பளவு முறையையே பின்பற்றின. அந்த முறையில் தங்களைப் போன்ற பள்ளக்கால் உழவர் இழப்பது உண்மை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கடைமடை நெல்:

களப்பணியாளர் ஐயா சொன்ன கணக்கில் கடைமடைக்காரர்களுக்கு ஒரு தனிக் கேடு ஒளிந்திருக்கிறது. ஏழு ஆண்டுகளில் மோசமான இரண்டு ஆண்டுகளைத் தள்ளிவிடுவதால் இரண்டு இயற்கைச் சீற்றங்கள் வரை சராசரி கெடாது. எங்கள் நாகை மாவட்டக் கடலோரக் கிராமங்களில் ஏழு ஆண்டுகளில் மூன்று முறை பயிர் போவது அரிதான செய்தி அன்று. மூன்றாவது மோசமான ஆண்டு சராசரிக்குள் நுழைந்துவிடுகிறது. அதன் பிறகு உத்தரவாத மகசூல் இறங்கிவிடுகிறது. ஆக, அடிக்கடி அழியும் கிராமத்துக்குக் காப்பீட்டின் அடித்தளமே தாழ்ந்துபோய், இழப்பீடு கிடைக்க முன்னைவிட மோசமாக அழிய வேண்டியதாகிறது.

இன்னொன்று, வயல் மூழ்குதல். 2016இல் திட்டம் வந்தபோது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயல் மூழ்குதல் ஆகியவற்றுக்குத் தனி வயலைப் பார்த்து இழப்பீடு தரலாம் என்று இருந்தது. 2018இல் நெல் போன்ற நீர் விரும்பும் பயிர்களுக்கு மூழ்குதல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தண்ணீரில் வளரும் பயிருக்குத் தண்ணீரால் என்ன இழப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, மூழ்கிய நெல் மூச்சுவிட முடியாமல் சாவதை ஒரு முறை நேரில் பார்த்தவர்கள் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில், 2026 காரிஃப் பருவம் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) முதல் நெல் மூழ்குதலையும் காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் தனி வயல் இழப்பாகச் சேர்ப்பதாக அறிவித்திருக்கிறது. வெண்ணாற்று நண்பரின் மூன்று மாவுக்கு ஏற்பட்டது இந்த வகை இழப்புத்தான். மாநில அரசின் அறிவிக்கையில் நம் மாவட்டத்துக்கு அந்தப் பிரிவு சேர்க்கப்படுகிறதா என்பதை உழவர் சங்கங்கள் இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நிவாரணமே மேல்:

எனக்கு இந்தத் திட்டத்தின் மீது நம்பிக்கை இல்லை. 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் பருவம் தவறிய மழையில் சாய்ந்தன. கதிர் தரையில் படிந்து, மூன்றாம் நாள் நெல்மணியிலிருந்து வெள்ளை முளை வந்ததை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. வேளாண் உதவி அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் வயலுக்கே வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தது. அதற்கு நான் எந்தக் கட்டணமும் கட்டவில்லை, ஊர்ச் சராசரியும் குறுக்கே வரவில்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மானியத்தை இந்த நிவாரணத்தில் சேர்த்துக் கொடுத்தால் உழவனுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் என்பது என் கருத்து.

மானாவாரிக் கரிசல்:

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஆற்றுப் பாசனக்காரர்கள் பேசும்போது எங்களை மறந்துவிடுகிறீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். எங்களுக்கு மேட்டூரும் இல்லை, கல்லணையும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஐப்பசி மழை பெய்தால் பயிர், பெய்யாவிட்டால் மாட்டுக்குத் தீவனம். இங்கே வறட்சி வந்தால் ஒரு வயலைத் தொட்டு ஒரு வயலை விட்டுவிடுவதில்லை, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் காய்கிறது. ஆகவே ஊர்ச் சராசரி என்ற முறை எங்களுக்குப் பாதகமாக அமைவதில்லை.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்தப் பருவத்தில் தமிழக உழவர்களுக்குப் பயிர்க் காப்பீட்டில் கிடைத்த இழப்பீடு 3,000 கோடி ரூபாய்க்கும் மேல். வெண்ணாற்று நண்பரே தமக்கு ஏக்கருக்குப் பதினெட்டாயிரம் வந்ததாகச் சொல்கிறார். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் இடையிலுள்ள இத்தகைய வேறுபாட்டில்தான் என் மூத்த மகளின் கல்லூரிப் படிப்பு நிற்காமல் தொடர்ந்தது. நிவாரணமே மேல் என்று எழுதிய நண்பர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டுகிறேன். பணம் அடுத்த விதைப்புக்கு முன்பே வந்திருந்தால் கந்துவட்டிக்குப் போயிருக்க மாட்டேன். அந்தத் தாமதம்தான் எனக்கு உள்ள குறை.

நிவாரணமே மேல்:

தங்கள் மகளின் படிப்புத் தொடர்ந்தது பற்றி மகிழ்ச்சி. மானாவாரியில் நிலைமை வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டெல்டாவில் எத்தனை ஆண்டுகள் ஊரே முழுக்கக் காய்கிறது? எங்களுக்கு வருவது பெரும்பாலும் வெள்ளம். வெள்ளம் பள்ளத்தைத்தான் தேடும்.

கணக்குப் பார்ப்பவர்:

நிவாரணத்தையும் காப்பீட்டையும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிவாரணம் அரசு மனம் வைத்தால் வருவது. தொகையும் ஒவ்வொரு முறையும் அரசாணையைப் பொறுத்து மாறுவது. 2023 குறுவையை நினைத்துப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து காவிரி நீர் போதிய அளவு வராமல் பயிர் கருகியபோது குறுவைக்குக் காப்பீடே நடைமுறையில் இல்லை. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் அதே பழைய 5,465 ரூபாய்தான் வருகிறது. 2017இல் கொடுத்த தொகையை 2023இலும் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நடவுக் கூலியும் அறுவடை இயந்திர வாடகையும் எவ்வளவு ஏறின என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீடு அப்படிப்பட்டதன்று. கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தால் அது உரிமை. இழப்பீட்டைக் காலம் கடத்தும் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. நடைமுறையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு என்றாலும், கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்றால் சம்பாவுக்கு உழவர் பங்கு 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். குறுவைக்குக் காப்பீடு இருந்தால் 2 சதவீதம், 720 ரூபாய். நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு விற்கிறது. இரண்டு மூட்டை யூரியாவின் விலைதான் ஒரு ஏக்கர் சம்பாவின் காப்பீட்டுக் கட்டணம். உண்மையான கட்டணம் இதைப்போலப் பல மடங்கு. மீதியை ஒன்றிய அரசும் மாநில அரசும் ஏற்கின்றன. ஆகவே தனி உழவர் ஒருவரின் பக்கம் நின்று பார்த்தால், பத்து ஆண்டுகளில் ஒரே ஒரு பெரும் வறட்சியோ புயலோ ஊரைத் தாக்கினாலும் கட்டியதைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. வெண்ணாற்று நண்பரின் நோட்டே அதற்குச் சான்று. இதை விட்டுவிடுவது சரியான முடிவாக எனக்குப் படவில்லை.

அரசுகளின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறு. பொதுப்பணம் நிறுவனங்களுக்குப் போகிறது என்ற நிவாரண நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பீகார் 2018இல் இந்தத் திட்டத்தை விட்டு வெளியேறி, கட்டணமே வாங்காமல், மகசூல் இழப்பு 20 சதவீதம் வரை இருந்தால் ஹெக்டேருக்கு 7,500 ரூபாயும் அதற்கு மேல் போனால் 10,000 ரூபாயும் தரும் மாநில உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் அளவுகோல் அறுவடைச் சோதனைதான், தொகையோ மிகவும் குறைவு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2020இல் வேறொரு வழியைக் கண்டார்கள். இழப்பீடு மொத்தக் கட்டணத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிறுவனம் 20 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும். 110 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதை மாநிலம் ஏற்கும். நிறுவனத்தின் ஆதாயத்துக்கு வரம்பு கட்டும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது சட்டமன்றத்தில் பேச வேண்டிய பொருள். அடுத்த சம்பாவுக்கு என் ஏக்கருக்குக் கட்டுவதா என்ற முடிவை இதற்காகத் தள்ளிப்போட முடியாது.

குத்தகை உழவர்:

இதுவரை பேசிய அனைவரும் நிலம் தங்கள் பெயரில் உள்ளவர்கள் என்று நினைக்கிறேன். நான் ஐந்து ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறேன். ஒன்றுக்கும் எழுத்து இல்லை. விதிப்படி குத்தகைதாரரும், விளைச்சலில் பங்கு தந்து சாகுபடி செய்யும் வாரதாரரும் காப்பீடு செய்யலாம். அதற்குக் குத்தகைச் சான்று வேண்டும். நில உடைமையாளரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டால், நாளைக்கு உரிமை கொண்டாடிவிடுவான் என்று அஞ்சி அடுத்த ஆண்டு நிலத்தையே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான 1969ஆம் ஆண்டுச் சட்டமும் எங்களைக் காப்பதற்காக வந்தவை. ஆனால் அவற்றின் மேல் உள்ள அச்சத்தால்தான் இன்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை.

2018 நவம்பர் கஜா புயல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கட்டணப் பணத்தைக் கொடுத்து, உடைமையாளர் தம் பெயரில் தம் வங்கிக் கணக்கைக் காட்டிப் பதிவு செய்தார். இழப்பீடு அவர் கணக்குக்கு வந்தது. கேட்டபோது குத்தகை பாக்கியில் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். என் பிள்ளைகளின் காதுகுத்துக்கு முன்னின்று செய்தவர். ஆனால் விதை, உரம், உழவு, நடவு அத்தனைக்கும் கடன்பட்டது நான். புயலில் போனது என் பயிர். காப்பீடு பயனுள்ளதா என்ற கேள்விக்கு, கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பயனுள்ளது என்பதே என் விடை.

வெண்ணாற்றுப் பாசனம்:

குத்தகை நண்பர் எழுதியதைப் படித்து வருந்தினேன். என் ஆறு மா குத்தகை நிலத்துக்கு நானும் இதுவரை கட்டாததன் காரணம் இதுவேதான். நிலம் கோயிலுக்குச் சொந்தமானது என்றாலும் அடங்கல் முன்பு குத்தகை செய்த ஒருவரின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைமடை நெல்:

கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் குத்தகை ரசீதைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள மனுக் கொடுங்கள். காலம் பிடிக்கும். ஆனால் அந்த ரசீது கையில் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் தங்கள் பெயரில் சாகுபடிச் சான்று கேட்பதற்கு அடிப்படை கிடைக்கும். எங்கள் ஊரில் இருவர் இப்படிச் செய்து இப்போது தங்கள் பெயரிலேயே கட்டுகிறார்கள்.

சங்கத்தில் இருந்தவர்:

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தவன். சுருக்கமாகச் சில செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

2020 காரிஃப் முதல் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்பவர்கள் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கட்டணம் பிடிக்கப்பட்டுவிடும். கடன் வாங்காதவர்கள் பொதுச் சேவை மையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு பதிவு செய்யலாம்.

நான் பார்த்த இழப்புகளில் மனத்தை மிகவும் வருத்தியவை மழையாலோ புயலாலோ வந்தவை அல்ல. பதிவு செய்யும்போது ஏற்பட்ட எழுத்துப் பிழைகளால் வந்தவை. நம் மாவட்டங்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமங்கள் உண்டு. வடக்கு, தெற்கு, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று பிரிந்த கிராமங்களும் உண்டு. கணினியில் தவறான கிராமத்தைத் தேர்ந்துவிட்டால் அந்த ஊரின் மகசூல்தான் தங்கள் மகசூல். ஒருமுறை ஒரு தெரு முழுவதும் இப்படிப் பக்கத்து ஊரில் பதிவாகி, சொந்த ஊருக்கு இழப்பீடு வந்த ஆண்டில் அவர்களுக்கு மட்டும் வரவில்லை. பதிவில் நேரும் பிழைக்குப் பதிவு செய்த வங்கியோ சங்கமோதான் பொறுப்பு என்று நெறிமுறை சொல்கிறது. ஆனால் ரசீதை அன்றைக்கே படித்துப் பார்த்திருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கணக்கு எண் ஆகிய ஐந்தையும் மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சரிபாருங்கள்.

தனி வயல் இழப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவிக்கலாம். அறுத்துப் போட்ட அரி மழையில் நனைந்தாலும், அறுத்த நாளிலிருந்து பதினான்கு நாள் வரை இதே முறையில் கேட்க இடம் உண்டு. நீரில் நிற்கும் வயலைப் படம் எடுக்கும்போது இருப்பிடத்தைக் காட்டும் வசதியை கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்:

சங்கத்து நண்பர் சொன்னவை மிகவும் பயனுள்ளவை. அவர் ரசீதைச் சொன்னார், நான் அறுவடைச் சோதனை நாளைச் சொல்கிறேன். இந்தக் காப்பீட்டின் பயன் முழுவதும் அந்த ஒரு நாளில்தான் முடிவாகிறது என்பதைப் பெரும்பாலான உழவர்கள் அறிவதில்லை.

ஒரு வருவாய்க் கிராமத்துக்கு நான்கு சோதனைகள். எந்தெந்த வயல் என்பது முன்கூட்டியே எண் அட்டவணையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படும். களத்துக்குப் போனவுடன் வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறிப்பிட்ட அடிகளை எண்ணிச் சென்று, விழுகிற இடத்தில் முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, கயிறு தரையைத் தொடும்படி இறக்கி, எல்லையில் நிற்கும் தூர்களில் வேர் உள்ளே இருப்பதை மட்டும் சேர்த்து அறுக்க வேண்டும். அறுத்ததைத் தார்ப்பாயில் போட்டு அடித்து, தூற்றிப் பதர் நீக்கி எடை போடுவோம்.

இருபத்தைந்து சதுர மீட்டரில் கிடைத்த எடையை நானூறால் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். பத்துக் கிலோ என்றால் 4,000 கிலோ. ஆகவே ஒரு கிலோ பிழை என்பது ஹெக்டேருக்கு 400 கிலோ பிழை. நான் முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. நான்கு சோதனையிலும் ஒவ்வொரு கிலோ கூடுதலாகப் பதிவாகிவிட்டால் காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதம், ஏக்கருக்கு 3,600 ரூபாய், ஊர் முழுவதற்கும் இழப்பீட்டில் குறைந்துவிடும். ஈரக் கதிரை எடை போட்டுவிட்டு உலர்த்திக் கணக்கிட மறந்தாலும், எல்லைத் தூர்களை அள்ளிச் சேர்த்தாலும், பதரைத் தூற்றாமல் விட்டாலும் அந்த ஒரு கிலோ கூடிவிடும். பெரும்பாலும் இது சூழ்ச்சியால் நடப்பதன்று. மாலை இருட்டுவதற்குள் மூன்று ஊருக்குப் போக வேண்டிய ஓர் ஊழியரின் அவசரத்தால் நடப்பது. நானும் அப்படி ஓடியிருக்கிறேன்.

இப்போது சோதனை விவரங்களைச் செயலியில் படத்துடன் பதிவேற்றுகிறார்கள். 2023 காரிஃப் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இவை நல்லவைதான். ஆனாலும் முளை அடிக்கும் இடத்தில் ஊரார் நான்கு பேர் நிற்பதற்கு ஈடாக எதுவும் ஆகாது.

கணக்குப் பார்ப்பவர்:

ஐயா, ஒரு கிலோவுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்பது எனக்கே புதிய செய்தி. என் கணக்கில் அறுவடைச் சோதனையைப் பிழையற்றதாக வைத்துக்கொண்டுதான் பயன் உண்டு என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஊரார் சோதனையைக் கவனிக்கும் ஊரில் 540 ரூபாய்க்கு நல்ல பயன் உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத ஊரில் எனக்கு அந்த உறுதி இல்லை.

வெண்ணாற்றுப் பாசனம்:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஊர் வயலைப் பார்ப்பது ஏன் என்பது புரிந்தது என்றார். ஆனால் பள்ளக்கால் மூன்று மாவுக்கு அது நியாயம் ஆகாது என்பதில் அவர் மாறவில்லை. நானும் மாறவில்லை.

சொந்த மூன்று ஏக்கருக்கும் தொடர்ந்து கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஊரே அழியும் ஆண்டில் என்னைத் தூக்கி நிறுத்துவதற்கு அது போதும். பள்ளக்காலுக்கு அதை நம்பி இருக்கப் போவதில்லை. அந்த மூன்று மாவில் அடுத்த சம்பாவுக்கு வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 இரகத்தைப் போடுவதாகவும், வடிகாலில் மண்டியிருக்கும் ஆகாயத்தாமரையை எடுக்கப் பக்கத்து வயல்காரர்கள் ஐவருடன் சேர்ந்து மனுக் கொடுப்பதாகவும் இருக்கிறேன். மூழ்குதல் பிரிவு நம் மாவட்ட அறிவிக்கையில் வருமா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். விடை வந்தால் இங்கே பதிவிடுகிறேன். குத்தகை ஆறு மாவுக்குக் கடைமடை நண்பர் சொன்னபடி அறநிலையத் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறேன்.

களப்பணியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சோதனை எந்த நாளில், எந்த வயலில் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்களாகப் போய் நின்றால் தடுப்பார்களா?

ஓய்வுபெற்ற களப்பணியாளர்:

தேர்வான வயலின் உரிமையாளருக்குத் தகவல் சொல்லாமல் அறுக்க முடியாது. ஆகவே ஊரில் யாருக்கேனும் கட்டாயம் தெரிந்திருக்கும். தை பிறந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் நான்கு சர்வே எண்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயல்காரர்களிடம், ஆள் வந்தவுடன் தொலைபேசியில் சொல்லும்படி கூறிவையுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஊரார் வந்து நின்றபோது ஒருமுறையும் தடுத்ததில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைத்தால் எங்களுக்கும் வேலை எளிதாயிற்று. போகும்போது அளவு நாடா ஒன்றும், நம்பகமான தராசு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். எழுதிய எடையைத் தாங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.